அலைக்கு வட்டம் தெரியாது

பல ரோபோக்கள் கூட்டாக வேலை செய்வதைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் நாலைந்தைப் புரட்டினாலே ஒரு படம் கண்ணில் படும். வெள்ளைத் தாளில் சில புள்ளிகள், அவை ரோபோக்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம். அது அந்த ரோபோவின் ரேடியோ எட்டும் தூரம். வட்டத்துக்குள் இன்னொரு புள்ளி வந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. வெளியே போனால் கோடு இல்லை. தொடர்பு எல்லை இத்தனை மீட்டர் என்று கொள்வோம் என்று கீழே ஒரு வரி இருக்கும். அந்த வரியோடு வயர்லெஸ் பற்றிய பேச்சு அநேகமாக முடிந்துவிடும். மீதிப் பக்கங்கள் முழுக்க கணிதமும் சிமுலேஷனும்.

இந்தப் பதிவு அந்த வட்டத்தைப் பற்றிய விமர்சனம். வட்டம் தப்பு என்று சொல்வது புதுசில்லை. இருபது வருஷத்துக்கு முன்பே ஆதாரத்தோடு சொல்லிவிட்டார்கள். என் கேள்வி வேறு. தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தும் அது ஏன் இன்னும் இருக்கிறது? அது இருப்பதால், ரோபோவின் தன்னாட்சி பற்றிய ஆய்வில் எந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது?

வட்டம் எங்கிருந்து வந்தது

வட்டத்துக்கு எனக்குத் தெரிந்து இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று கணினி அறிவியலில். ஒரே அளவு வட்டங்களை ஒரு தளத்தில் போட்டு, எது எதைத் தொடுகிறது என்று பார்த்து வரைபடம் அமைப்பது. 1990 வாக்கிலேயே இதன் கணிதத்தை நன்றாக அலசிவிட்டார்கள். வானொலி நிலையங்களுக்கு அலைவரிசை பங்கிடுவது போன்ற கணக்குகளுக்கு அது வசதி.

இன்னொரு வேர் இயற்பியலில். 1995இல் டமாஷ் விச்செக்கும் கூட்டாளிகளும் ஒரு எளிய மாதிரியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் இருக்கும் மற்ற துகள்களின் சராசரித் திசையில் திரும்பும். கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கப்படும். அவ்வளவுதான் விதி. பறவைக் கூட்டம் மாதிரி எல்லாம் ஒரே திசையில் பறக்கத் தொடங்கிவிடும். 2003இல் அலி ஜட்பாபாயி, ஜீ லின், ஸ்டீஃபன் மோர்ஸ் மூவரும் இது ஏன் நடக்கிறது என்று கணித நிரூபணம் கொடுத்தார்கள். பல ரோபோக் கட்டுப்பாட்டு ஆய்வில் அது ஒரு பெரிய மைல்கல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விச்செக்கின் வட்டம் ரேடியோ இல்லை. ஒரு பறவை பக்கத்துப் பறவையைக் கவனிக்கும் தூரத்தை எளிமையாகக் காட்டும் வட்டம் அது. அந்தக் கணிதம் ரோபோவுக்கு வந்தபோது வட்டமும் கூடவே வந்தது; பெயர் மட்டும் தொடர்பு எல்லை என்று மாறியது. பறவை பார்ப்பதும் ரேடியோ அலை சுவரில் மோதிச் சிதறுவதும் வேறு வேறு சமாச்சாரம் என்பது அந்த இடமாற்றத்தில் காணாமல் போய்விட்டது.

அலை எப்படிப் போகிறது

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. கட்டடத்துக்குள் ஒரே சிக்னல் பல சுவர்களில் பட்டுப் பல பாதைகளில் வந்து சேரும். சில இடங்களில் அவை ஒன்றோடொன்று கூடும். சில இடங்களில் ஒன்றை ஒன்று அழிக்கும். அதனால் ரோபோ ஒரு சாண்கூட நகர வேண்டாம், ஆறேழு செ.மீ. நகர்ந்தாலே சிக்னலின் வலிமை நூறு மடங்கு வரை மாறலாம். வட்டத்தின் விளிம்பு எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு விளிம்பே கிடையாது. நடுவில் ஓட்டைகள், தூரத்தில் தீவுகள் என்றுதான் அந்த வரைபடம் இருக்கும்.

சுரங்கத்தில் கதை இன்னும் விநோதம். நேரான சுரங்கப் பாதை அலைக்குக் குழாய் மாதிரி. திறந்த வெளியில் போவதைவிட அதற்குள் சிக்னல் நன்றாகவே போகக்கூடும். ஒரு வளைவு வந்ததும் சடாரென்று விழும். வட்டம் இங்கே இரண்டு பக்கமும் தப்பு: நேர்ப்பாதையில் எட்டும் என்பதைக் குறைத்துச் சொல்கிறது, வளைவில் எட்டாது என்பதை மறைக்கிறது.

இதோடு ரோபோவின் உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படியேறும்போது ரோபோ சாயும், ஆண்டெனாவும் சாயும். திரும்பி நின்றால் அதன் பேட்டரியும் உலோகச் சட்டமும் சிக்னலை மறைக்கும். கேமராவை இணைக்கும் யுஎஸ்பி 3 கேபிள்கூட 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும்; இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதாவது ரோபோவின் கண், அதன் காதைச் செவிடாக்கலாம். இதை எந்த வட்டத்தில் வரைவது?

டார்ட்மத் கல்லூரியில் டேவிட் கோட்ஸ் குழுவினர் முப்பதுக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைத் திறந்தவெளியில் ஆட்களிடம் கொடுத்து நடக்கவிட்டு அளந்தார்கள். 2004இல் வந்த அந்தக் கட்டுரை, வயர்லெஸ் சிமுலேஷன்களில் ஒளிந்திருக்கும் ஆறு நம்பிக்கைகளைப் பட்டியல் போட்டு உடைத்தது. உலகம் தட்டை. ரேடியோவின் எல்லை வட்டம். எல்லா ரேடியோவுக்கும் எட்டம் ஒன்றே. உன் குரல் எனக்குக் கேட்டால் என் குரலும் உனக்குக் கேட்கும். கேட்டால் முழுசாகக் கேட்கும். தூரம் கூடக்கூடச் சிக்னல் ஒழுங்காகக் குறையும். ஆறும் பொய்த்துப் போயின. இத்தனைக்கும் அது சுரங்கமோ இடிந்த கட்டடமோ இல்லை, ஒரு மைதானம்.

மறுபக்கமும் அப்படித்தான்

ரோபோக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. வயர்லெஸ் பக்கத்து ஆய்வேடுகளுக்கும் ஒரு வட்டம் இருக்கிறது, வேறு பெயரில். நகரும் சாதனங்களின் நெட்வொர்க்கைச் சோதிக்க அங்கே பல வருஷம் புழங்கிய மாதிரி இது: ஒவ்வொரு சாதனமும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும், ஏதோ ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கும், நேர்கோட்டில் அங்கே போகும், போய்ச் சேர்ந்ததும் மறுபடி வேறோர் இடம்.

இதில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யம் என்று வைத்தால், மிக மெதுவான வேகம் கிடைத்த சாதனம் அந்தப் பயணத்திலேயே வெகுநேரம் மாட்டிக்கொள்ளும். நேரம் ஆக ஆக மெதுவாகப் போகிறவையே கூட்டத்தில் அதிகமாகும். சராசரி வேகம் தேய்ந்துகொண்டே போகும். நகரும் நெட்வொர்க்கைச் சோதிக்கிறோம் என்று நினைத்து, மெல்ல மெல்ல நின்றுபோகும் நெட்வொர்க்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் இதைச் சுட்டிக்காட்டிக் கட்டுரை எழுதினார்கள். அதுவரை அந்த மாதிரியை வைத்து எத்தனை நெறிமுறைகள் ஒப்பிடப்பட்டிருக்கும்!

ரோபோ ஆய்வேட்டில் ரேடியோ ஒரு வட்டம். வயர்லெஸ் ஆய்வேட்டில் ரோபோ திக்குத் தெரியாமல் அலையும் ஒரு புள்ளி. இரண்டு துறையும் அடுத்த துறையை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் நிஜத்தில் ரோபோ எங்கே போகிறது என்பதுதான் சிக்னலை முடிவு செய்கிறது. சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பது ரோபோ எங்கே போகலாம் என்பதை முடிவு செய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் உயிரே.

வட்டத்துக்கு வக்காலத்து

சரி, எளிமையாக்காமல் ஆய்வு செய்ய முடியுமா? முடியாது. வட்டத்தை வைத்து அருமையான வேலைகளும் நடந்திருக்கின்றன. 2000இல் பியூஷ் குப்தாவும், சென்னை ஐஐடியில் இளநிலைப் பட்டம் படித்த பி. ஆர். குமாரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: வயர்லெஸ் சாதனங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தகவல் வேகம் மிஞ்சும்? எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி அது குறையும் என்று காட்டினார்கள். நாலு மடங்கு சாதனங்கள் வந்தால் ஒவ்வொன்றின் பங்கு பாதிக்கும் சற்றுக் கீழே போய்விடும். அவர்கள் ஒரு கணக்கை வட்டத்தை வைத்துப் போட்டார்கள். அதே கேள்வியைச் சிக்னல்–இரைச்சல் விகிதத்தை வைத்தும் தனியாகப் போட்டார்கள். இரண்டிலும் முடிவின் போக்கு ஒன்றாக இருந்தது. எளிமையாக்கலை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். வட்டம் போட்டதோடு நிற்காமல், வட்டத்தை எடுத்தாலும் முடிவு நிற்கிறதா என்று பார்த்தார்கள்.

ரோபோ ஆய்வேடுகளில் வட்டம் நீடிப்பதற்குக் காரணம் வேறு. அங்கே அது நிரூபணத்துக்குத் தேவைப்படுகிறது. செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973இல் ஓர் அழகான எண்ணைக் கொடுத்தார். ஒரு வரைபடம் துண்டு துண்டாக இருந்தால் அந்த எண் பூஜ்யம். ஒன்றாக இணைந்திருந்தால் பூஜ்யத்தைவிடப் பெரியது. எவ்வளவு பெரியதோ இணைப்பு அவ்வளவு உறுதி. ரோபோக்களுக்கு இதைவிட வசதியான அளவுகோல் வேண்டுமா? வட்டத்தின் விளிம்பைக் கொஞ்சம் மழுங்கடித்து, தூரம் கூடக்கூட இணைப்பு மெல்லத் தேய்வதாக வைத்துக்கொண்டால், இந்த எண் எந்தப் பக்கம் நகர்ந்தால் கூடும் என்று வகைநுண்கணிதம் சொல்லிவிடும். ரோபோ அந்தப் பக்கம் நகரும். நெட்வொர்க் ஒருபோதும் அறுபடாது என்று தேற்றம் எழுதலாம். தேற்றம் கட்டுரையாகும், கட்டுரைகள் ஆய்வேடாகும்.

தேற்றத்தில் பிழை கிடையாது. ஆனால் அது உறுதி சொல்வது தாளில் வரைந்த கோடுகள் அறுபடாது என்றுதான். ரேடியோ அறுபடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. சுருக்கவுரையை வாசிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

மறைந்துபோன கேள்வி

வட்டத்தின் பெரிய கெடுதல் இதுவும் இல்லை. துல்லியக் குறைவைச் சரிசெய்துகொள்ளலாம். வட்டம் ஒரு குறிக்கோளைச் சத்தம் போடாமல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது: எந்த நேரமும் எல்லா ரோபோவும் இணைந்தே இருக்க வேண்டும். இது உண்மையில் தேவையா என்று கேட்பதே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் என் வசதிக்கு எடுத்தவை. ஒரு சுரங்க வாசலிலிருந்து ஐந்து கிளைகள் பிரிகின்றன, ஒவ்வொன்றும் 600 மீட்டர். ஐந்து ரோபோக்கள். வேகம் நொடிக்கு அரை மீட்டர். ரேடியோ நம்பகமாக 100 மீட்டர் எட்டும். நேரம் 60 நிமிடம்.

முதல் திட்டம், இணைப்பு ஒருபோதும் அறுபடக்கூடாது. ஐந்து ரோபோவும் ஒரே கிளைக்குள் 100 மீட்டருக்கு ஒன்றாகச் சங்கிலி போல நிற்கும். தலைமை ரோபோ 500 மீட்டர் வரை போகும். அதற்கு 17 நிமிடம், திரும்ப 17 நிமிடம், அடுத்த கிளைக்குள் போக இன்னொரு 17. ஆக ஒரு மணி நேரத்தில் மொத்தம் 3,000 மீட்டரில் 1,000 மீட்டர் பார்க்கலாம். கெட்டிக்காரத்தனமாகத் திட்டமிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் எந்தக் கிளையிலும் கடைசி 100 மீட்டரை எந்த ரோபோவும் ஒருநாளும் மிதிக்காது. நாலு ரோபோக்கள் தேடவே இல்லை, கம்பமாக நின்றன.

இரண்டாவது திட்டம், இணைப்பை விட்டுவிடு. ஒவ்வொரு ரோபோவும் ஒரு கிளை. 20 நிமிடத்தில் கடைசி வரை போய், 20 நிமிடத்தில் திரும்பிவிடும். 40 நிமிடத்தில் 3,000 மீட்டரும் முடிந்தது. விலை என்ன? கிளையின் கடைசியில் பார்த்தது, ரோபோ வாசலுக்கு 100 மீட்டர் அருகே வந்த பிறகுதான் வெளியே தெரியும். சுமார் 17 நிமிடத் தாமதம். இன்னொரு விலையும் உண்டு. ரோபோ உள்ளே குப்புற விழுந்தால், அது பார்த்த அத்தனையும் அதோடு போச்சு. எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது.

இரண்டில் எது நல்லது? அது தகவலைப் பொறுத்தது. வெறும் வரைபடம் என்றால் 17 நிமிடம் காத்திருக்கலாம். விஷவாயு கசிவு என்றால், அந்தப் பக்கம் மீட்புக்குழு போகப் போகிறது என்றால், காத்திருக்க முடியாது. பாதி வழியில் ஒருமுறை திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போகலாமா? வழியில் சின்ன ரேடியோக்களைப் போட்டுக்கொண்டே போகலாமா? எந்தச் செய்திக்காகத் தேடலை விட்டுவிட்டு ஓடி வரலாம், எது காத்திருக்கலாம்? நிஜமான தன்னாட்சி என்பது இந்த முடிவுகளை ரோபோ தானே எடுப்பதுதான். இணைப்பை மீறக்கூடாத விதியாக வைத்த அந்தக் கணமே இந்தக் கேள்விகள் எல்லாம் ஆய்வேட்டிலிருந்து வெளியேறிவிடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், துறையின் மூலக்கட்டுரையே இணைப்பு எப்போதும் வேண்டும் என்று சொல்லவில்லை. ஜட்பாபாயி குழுவின் 2003 நிரூபணத்தில், ஒவ்வொரு கணமும் எல்லோரும் இணைந்திருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட கால இடைவெளிகளில் உருவாகும் இணைப்புகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் வரைபடம் இணைந்திருந்தால் போதும். வயர்லெஸ் பக்கமும் இதே சேதிதான். மத்தியாஸ் குரோஸ்கிளவுசரும் டேவிட் ட்சேயும் குப்தா–குமார் முடிவை எடுத்துக்கொண்டு, சாதனங்கள் நகர்ந்தால் என்ன என்று கேட்டார்கள். தகவலை உடனே கைமாற்றாமல், தபால்காரர் மாதிரி சுமந்துகொண்டு போய், சேர வேண்டியவர் பக்கத்தில் வரும்போது கொடுத்தால், ஒவ்வொருவரின் பங்கும் குறையவே குறையாது என்று காட்டினார்கள். அதற்கான விலை தாமதம் மட்டும். இரண்டு துறையின் பெரிய கட்டுரைகளும் பிரிந்து போய்ச் சேரலாம் என்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் பிரியவே கூடாது என்று அடம்பிடிக்கின்றன.

கென்டக்கியும் ஃபுகுஷிமாவும்

இது தாளில் நடக்கும் சண்டை மட்டும் இல்லை. அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய நிலத்தடிப் போட்டியின் இறுதிச் சுற்று 2021 செப்டம்பரில் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில், ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நடந்தது. அணிக்கு ஒரே ஒரு மேற்பார்வையாளர், வாசலில். உள்ளே ஒளித்து வைத்த 40 பொருட்களைத் தேட வேண்டும்: ஆள் பொம்மை, முதுகுப்பை, செல்போன் இப்படி. நேரம் 60 நிமிடம். பொருளை 5 மீட்டர் துல்லியத்தில் குறிக்க வேண்டும். முக்கியமாக, கண்டுபிடித்தால் மட்டும் போதாது. நேரம் முடிவதற்குள் வாசலில் உள்ள தளத்துக்குத் தகவல் வந்து சேர வேண்டும். வராத தகவலுக்கு மதிப்பெண் இல்லை.

இந்தப் போட்டியில் வட்டம் வரைந்து யாரும் தப்பிக்க முடியவில்லை. பல அணிகள் சிறு ரேடியோக்களை ரோபோவின் முதுகில் ஏற்றி, வழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போயின. போட்ட ரேடியோக்களையும் தாண்டி ரோபோக்கள் தனியாகப் போய்த் தேடிவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து ஒப்பித்தன. கடைசியில் செர்பெரஸ் அணியும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அணியும் ஆளுக்கு 23 புள்ளி எடுத்துச் சமமாக நின்றன. யாருடைய கடைசிக் கண்டுபிடிப்பு முன்னதாகப் பதிவானது என்பதை வைத்துச் செர்பெரஸுக்கு 20 லட்சம் டாலர் முதல் பரிசு போனது. செய்தி எப்போது வந்து சேர்ந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது!

இதற்குப் பத்து வருஷம் முன்னால் ஜப்பானில் நடந்ததில் பரிசு எதுவும் இல்லை. ஃபுகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பிறகு, 2011 ஜூனில் குவின்ஸ் என்ற ரோபோவை உலைக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். கதிர்வீச்சைத் தடுக்கக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவர்கள் ரேடியோவையும் விடாது என்பதால் கேபிள் கட்டி அனுப்பினார்கள். மனிதர் போக முடியாத தளங்களில் அது பல தடவை போய் அளவெடுத்து வந்தது. அக்டோபரில் 2ஆம் உலைக் கட்டடத்தில் மேல்தளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கேபிள் சிக்கி அறுந்தது. ரோபோ மூன்றாம் தளத்தில் அப்படியே நின்றுவிட்டது. கேபிள் போனதும் தானாகத் திரும்பி வரும் வழி அதனிடம் இல்லை.

அதைக் கட்டியவர்களைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை. அந்த அவசரத்தில், அந்தக் கதிர்வீச்சில் அது செய்தது பெரிய வேலை. ஆனால் இணைப்பு போனால் என்ன என்ற கேள்வி எவ்வளவு பழையது, எவ்வளவு நிஜமானது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை ஓர் ஆய்வேடு ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளும்போது ஒதுக்கப்படுவது இந்த மூன்றாம் தளம்தான்.

மாற்றி எழுதியவர்கள், எழுதாதவர்கள்

எல்லோரும் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் சான்டா பார்பராவில் யாஸமின் மொஸ்தோஃபியின் குழு, ரோபோ போகிற வழியில் எடுக்கும் சில அளவீடுகளை வைத்து இன்னும் போகாத இடத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று நிகழ்தகவாகக் கணிக்கும் வேலையைச் செய்தது. ஜெஃப்ரி ஹாலிங்கரும் சஞ்சீவ் சிங்கும் 2012இல், ரோபோக்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் சந்தித்தால் போதும் என்று வைத்துத் திட்டமிடுவதைப் பற்றி எழுதினார்கள். வழி இருக்கிறது. ஆனால் அதில் நடக்கிறவர் குறைவு.

ஏன் குறைவு? மாணவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. நாலைந்து வருஷத்தில் பட்டம் முடிக்க வேண்டும். தேற்றத்துக்கு மழை பெய்தால் பிரச்சினை இல்லை, களச்சோதனைக்கு உண்டு. ஒரு சுரங்கத்தில் பத்து ரோபோவை ஒரு வாரம் ஓட்டினால், கிடைப்பது பெரும்பாலும் எது எது உடைந்தது என்ற பட்டியல். அந்தப் பட்டியலைக் கட்டுரையாக ஏற்கும் இடங்கள் குறைவு. போதாக்குறைக்கு, ரோபோ ஆய்வகம் ஒரு துறையில், வயர்லெஸ் ஆய்வகம் இன்னொரு துறையில், மாநாடுகளும் தனித்தனி. ரோபோ மாநாட்டில் மதிப்பிடுகிறவருக்கு வட்டம் உறுத்தாது. வயர்லெஸ் மாநாட்டில் மதிப்பிடுகிறவருக்கு அலையும் புள்ளி உறுத்தாது. இரண்டும் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே என் குறை ஆய்வேட்டை எழுதுகிறவரைவிட அதை மதிப்பிடுகிறவர்கள் மேல்தான் அதிகம்.

மதிப்பிடுகிறவர்களிடம் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் சுரங்கத்துக்குப் போங்கள் என்றும் சொல்லவில்லை. நாலு விஷயம் கேட்டால் போதும். ஒன்று, வட்டம் போட்டால் போடுங்கள். ஆனால் அதே பரிசோதனையை ஓட்டை விழுந்த, ஒருபக்கம் மட்டும் கேட்கும் ரேடியோ மாதிரியை வைத்தும் ஓட்டிக் காட்டுங்கள். குப்தாவும் குமாரும் செய்தது இதுதான். இரண்டு, நிஜ ரோபோவை ஓட்டியிருந்தால் எந்த இடத்தில் எத்தனை பாக்கெட் தொலைந்தது என்ற பதிவையும் வெளியிடுங்கள். வீடியோவைவிட அது அடுத்தவருக்கு உதவும். மூன்று, இணைப்பைக் காப்பாற்ற எத்தனை ரோபோ–நிமிடங்கள் செலவாயின என்று சொல்லுங்கள். கம்பமாக நின்ற ரோபோ இலவசம் இல்லை. நாலு, செய்தி வந்ததா என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு பழசாகி வந்தது என்றும் அளவிடுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய கருவி வேண்டாம். மூன்றாவதும் நாலாவதும் ஏற்கெனவே ஓட்டிய சிமுலேஷனிலிருந்தே எடுத்துவிடலாம்.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. ரோபோக் கூட்டம் இடிபாடுகளுக்குள் புகுந்து ஆட்களைத் தேடும் என்று அடுத்த தடவை செய்தியிலோ வீடியோவிலோ பார்க்கும்போது, எத்தனை ரோபோ, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இருக்கட்டும். அதைக் கட்டியவரிடம் ஒன்று கேளுங்கள், அல்லது கட்டுரையில் தேடுங்கள்: நடுவில் ரேடியோவை அணைத்துவிட்டால் இது என்ன செய்யும்? பதில் ஒரு பத்தியாவது இருந்தால், அவர் இந்தப் பிரச்சினையோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். அணையாது என்று பதில் வந்தால், படத்தில் எங்கேயோ ஒரு வட்டம் இருக்கிறது.